மணிலாக்கொட்டையும் மதராஸ் சிப்பாய்களும்

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறும் வழியில் பர்லியாரில் வண்டி நின்றால், சாலையோரக் கடைகளில் சீசனைப் பொறுத்து மங்குஸ்தான், ரம்புத்தான், துரியன், பலா என்று ஏதாவது ஒன்று கண்ணில் படும். கூடவே பாக்கெட்டில் கிராம்பு, ஜாதிக்காய். பக்கத்திலேயே 1871-ல் தொடங்கிய அரசுப் பழப்பண்ணை இருக்கிறது. மங்குஸ்தான், ரம்புத்தான், துரியன் மூன்றுமே நீலகிரியின் மரங்கள் கிடையாது. மலாய்த் தீவுகள் பக்கத்து மரங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே கொண்டுவந்து நட்டுப் பார்த்தார்கள், பிடித்துக்கொண்டது.

இப்படிக் கடல் தாண்டி வந்த இன்னொரு பயிர் நிலக்கடலை. விழுப்புரம், கடலூர் பக்கம் அதை மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்ற பெயர்தான் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. கடலையின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. ஸ்பானியக் கப்பல்களில் பசிபிக் கடலைத் தாண்டி மணிலா வந்து, அந்த ஊரின் பெயரோடு தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது.

சரி, மணிலாவில் இருந்து இங்கே வந்தது தெரிகிறது. இங்கிருந்து மணிலாவுக்கு என்ன போனது? துணி போனது. 1762-ல் ஒரு படையும் போனது! அந்தக் கதையின் தடயம் இன்றைக்கும் மணிலாவின் பழைய கோட்டை நகரமான இன்ட்ராமுரோஸின் சுவரில் இருக்கிறது. அந்த நகரத்தை வழிகாட்டியோடு நடந்து சுற்றிப் பார்ப்பவர்களுக்கு அந்தச் சுவரையும் காட்டுகிறார்கள். ஆனால் கதை பாதிதான் சொல்லப்படுகிறது. மீதிப் பாதி நம்மூர்க் கதை.

சுவருக்குள் ஒரு ஊர்

இன்ட்ராமுரோஸ் என்றால் 'சுவர்களுக்கு உள்ளே' என்று பொருள். பாசிக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ராஜா சுலைமான் என்ற உள்ளூர் மன்னரின் மரக்கோட்டை இருந்தது. அதைப் பிடித்த ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி 1571-ல் அங்கே மணிலா நகரத்தை நிறுவினார். கல்சுவர் வேலை 1590-களில் வேகம் பிடித்தது. சுவரின் மொத்த நீளம் ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர். உள்ளே சுமார் 165 ஏக்கர் நிலம். அவ்வளவுதான் அன்றைய மணிலா!

உள்ளே இருக்க உரிமை ஸ்பானியருக்கும் பாதிரிமாருக்கும்தான். ஊரின் வியாபாரத்தையே தாங்கிப் பிடித்த சீனர்கள் சுவருக்கு வெளியே, பீரங்கிக் குண்டு எட்டும் தூரத்தில், பரியான் என்ற பேட்டையில் வாழ வேண்டும். இரவானால் கோட்டைக் கதவு சாத்தப்படும். சென்னைக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஜார்ஜ் கோட்டைக்குள் 'வெள்ளையர் நகரம்', வெளியே 'கறுப்பர் நகரம்' என்று மதராசிலும் இதே ஏற்பாடுதான் நடந்தது. கோட்டை கட்டியவன் எந்த நாட்டுக்காரன் என்பதுதான் வித்தியாசம்.

நடை தொடங்கும் இடம்

சுற்றிப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் ஆற்றங்கரையில் இருக்கும் சாண்டியாகோ கோட்டையில் தொடங்குகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்குக் 'கலேசா' என்ற குதிரை வண்டி உண்டு. மூங்கிலில் செய்த சைக்கிளில் போகும் சுற்றுலாகூட இருக்கிறது. காவலுக்கு நிற்பவர்கள் ஸ்பானியர் காலத்துச் சீருடை மாதிரியே அணிந்திருப்பார்கள்.

சாண்டியாகோ கோட்டை என்றால் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஹோசே ரிசால். டாக்டர், நாவலாசிரியர், நாட்டின் தேசிய நாயகர். அவரை இங்கே அடைத்து வைத்துத்தான் 1896 டிசம்பர் 30-ம் தேதி காலையில் வெளியே அழைத்துப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். அவர் கடைசியாக நடந்த வழியில் உலோகத்தில் பாதச் சுவடுகள் பதித்திருக்கிறார்கள். பலரும் அந்தச் சுவட்டின் மேலேயே கால் வைத்து நடந்து பார்க்கிறார்கள்.

அடுத்து பேராலயம். நிலநடுக்கத்திலும் போரிலும் இடிந்து இடிந்து திரும்பத் திரும்பக் கட்டிய கோயில் இது. இப்போது இருப்பது 1958-ல் திறந்தது. அதைத் தாண்டினால் சான் அகஸ்டின் தேவாலயம். 1607-ல் கட்டி முடித்தது. லெகாஸ்பியின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. 1993-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இந்த ஒரு தேவாலயத்தை மட்டும் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்பதற்குக் காரணம் 1945. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானியப் படை இன்ட்ராமுரோஸுக்குள் பதுங்கிக்கொள்ள, அமெரிக்கப் பீரங்கிகள் வெளியே இருந்து சுட்டன. ஒரு மாதப் போரில் மணிலா முழுவதும் சேர்த்து ஏறக்குறைய ஒரு லட்சம் பொதுமக்கள் செத்தார்கள். நிறையப் பேரை ஜப்பானியர்களே கொன்றார்கள். சுவருக்குள் இருந்த ஊர் தரைமட்டம் ஆனது. சான் அகஸ்டின் மட்டும் எப்படியோ தப்பித்தது. 1979-ல் இன்ட்ராமுரோஸுக்கென்று தனி நிர்வாகம் அமைத்த பிறகுதான் சுவர்களையும் வாசல்களையும் ஒழுங்காகத் திருப்பிக் கட்ட ஆரம்பித்தார்கள். எதிரே உள்ள 'காசா மணிலா' என்ற அழகான ஸ்பானிய வீடுகூட 1980-களில் பழைய வீடு போலவே புதிதாகக் கட்டிய மியூசியம்தான்.

சுவர் உடைந்த மூலை

தென்மேற்கு மூலையில் இருக்கிறது சான் தியேகோ கொத்தளம். வட்டம் வட்டமாக அடுக்கிய கல் அடித்தளமும் சுற்றிலும் தோட்டமும் உள்ள அமைதியான இடம். கல்யாண ஃபோட்டோ எடுக்க வருகிறவர்கள் அதிகம். 1762-ல் பிரிட்டிஷ் படை நகரத்துக்குள் நுழைந்தது இந்தப் பக்கம்தான். வழக்கமாக அந்த 'பிரிட்டிஷ்' என்ற ஒரு வார்த்தையோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அந்தப் படை லண்டனில் இருந்து நேராக வரவில்லை. மதராசில் இருந்து கிளம்பியது.

அந்தக் காலத்தை நம்மூர்க் கணக்கில் சொன்னால் எளிதாகப் புரியும். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி மதராசை முற்றுகையிட்டார். 1760 ஜனவரியில் வந்தவாசிப் போர். 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது, அதன் கோட்டைச் சுவர்களை ஆங்கிலேயர்கள் இடித்துத் தள்ளினார்கள். மருதநாயகம் என்கிற யூசுப் கான் மதுரையைக் கையில் வைத்திருந்த நேரம். அதாவது கம்பெனிக்குப் போரில் அடிபட்டுத் தேறிய ஒரு சிப்பாய்ப் படை கையில் இருந்தது, ஆனால் பக்கத்தில் பெரிய எதிரி இல்லை.

1762 ஜனவரியில் ஸ்பெயின் மீது பிரிட்டன் போர் அறிவித்தது. லாலி முற்றுகையின்போது மதராசில் சண்டை போட்ட வில்லியம் டிரேப்பர், மணிலாவைப் பிடிக்கும் திட்டத்தோடு லண்டனில் இருந்து திரும்பவும் மதராஸ் வந்தார். ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் போன்றவர்கள், படையை அனுப்பிவிட்டால் மதராசுக்கு யார் காவல் என்று எதிர்த்தார்கள். கடைசியில் டிரேப்பரின் 79-வது ரெஜிமெண்ட், கொஞ்சம் பீரங்கிப் படை, பிரெஞ்சுப் படையில் இருந்து ஓடிவந்தவர்கள், மூட்டை சுமக்கவும் பீரங்கி இழுக்கவும் லஸ்கர்கள், இவர்களோடு சுமார் 600 சிப்பாய்கள் என்று ஒரு கலவைப் படை தயாரானது. அட்மிரல் கார்னிஷின் கப்பல்கள் ஆகஸ்ட் தொடக்கத்தில் மதராசை விட்டுக் கிளம்பின. செப்டம்பர் 23-ம் தேதி மணிலா விரிகுடாவில் நங்கூரம் போட்டன.

போர் நடக்கிறது என்ற செய்தியே மணிலாவுக்கு அதுவரை வந்து சேரவில்லை. (செல்போன் இல்லாத காலம் எப்படி இருந்தது பாருங்கள்!) கவர்னர் பதவியில் தற்காலிகமாக இருந்தவர் ஒரு பேராயர். கொட்டுகிற மழையில் ஆங்கிலேயர்கள் கோட்டைக்கு வெளியே இருந்த தேவாலயங்களில் தங்கி, அங்கிருந்தே சான் தியேகோ கொத்தளத்தைச் சுட்டார்கள். அக்டோபர் 6-ம் தேதி விடியற்காலையில் உடைந்த சுவர் வழியாக உள்ளே புகுந்தார்கள். அடுத்து வழக்கம்போல் கொள்ளை. சான் அகஸ்டின் நூலகம்கூடத் தப்பவில்லை.

லாப நஷ்டக் கணக்கு

இதை ஒரு போர் என்பதைவிட முதலீடு என்று சொல்வதுதான் பொருத்தம். பிடிக்கிற சொத்தில் மூன்றில் ஒரு பங்கு கம்பெனிக்கு என்று கிளம்புவதற்கு முன்பே பேசி வைத்திருந்தார்கள். மணிலாவில் பணம் இருக்கும் என்று மதராசுக்கு நன்றாகவே தெரியும். 1565 முதல் 1815 வரை, 250 ஆண்டுகள், மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. மெக்சிகோ வெள்ளி வரும், சீனப் பட்டு போகும். அந்தச் சரக்கில் சோழமண்டலக் கரையில் நெய்த துணியும் உண்டு. காஞ்சிபுரம் பக்கமோ கடலூர் பக்கமோ தறியில் ஓடிய துணி மெக்சிகோவில் யாரோ ஒருவரின் சட்டையானது!

மணிலாவில் ஆங்கிலேயருக்கு நேரடி வியாபாரம் செய்ய அனுமதி இல்லை. அதனால் அர்மீனியர்கள், முஸ்லிம்கள் பெயரில் சரக்கை அனுப்பினார்கள். அப்படி மணிலா வியாபாரத்தில் சம்பாதித்த அர்மீனியர்தான் கோஜா பெட்ரஸ் உஸ்கான். 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டியவர். பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவரும் இவரே. மணிலா வெள்ளி சென்னையில் பாலமாகவும் படியாகவும் மாறியிருக்கிறது.

அவ்வளவு எதிர்பார்ப்போடு போன கம்பெனிக்குக் கிடைத்தது என்ன? நகரத்தைக் கொள்ளையில் இருந்து விடுவிக்க 40 லட்சம் டாலர் பிணைத்தொகை என்று எழுதி வாங்கினார்கள். பாதி ரொக்கம், மீதிப் பாதி ஸ்பெயின் அரசு கஜானா மீது எழுதிய உண்டியல். ரொக்கத்தில் ஒரு பகுதிதான் தேறியது. உண்டியலை ஸ்பெயின் ஏற்கவே இல்லை. 'சான்டிஸிமா டிரினிடாட்' என்ற பெரிய கப்பல் ஒன்று சிக்கியதுதான் உருப்படியான வரவு.

மதராஸ் கவுன்சிலைச் சேர்ந்த டாசன் டிரேக் நவம்பரில் மணிலா கவர்னர் ஆனார். ஆனால் சுவருக்கு வெளியே சிமோன் தெ அண்டா என்ற ஸ்பானிய அதிகாரி பாம்பங்கா மாகாணத்தில் இருந்துகொண்டு எதிர்த்துக்கொண்டே இருந்தார். ஆங்கிலேயரின் ஆட்சி கோட்டையையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டவில்லை. இன்னொரு வேடிக்கை. 1763 பிப்ரவரி 10-ம் தேதி பாரிஸில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானபோது மணிலா விழுந்த செய்தியே ஐரோப்பாவுக்குப் போய்ச் சேரவில்லை. பெயர் குறிப்பிடாத இடங்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஒரு பிரிவின் கீழ் மணிலா இலவசமாகவே ஸ்பெயினுக்குத் திரும்பியது. 1764-ல் படை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது.

திரும்பாதவர்கள்

ஆனால் எல்லோரும் கிளம்பவில்லை. சிப்பாய்களில் பலர் படையை விட்டு ஓடிப்போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். மணிலாவுக்குக் கிழக்கே இருக்கும் கெய்ந்தா என்ற ஊரில் குடியேறி, உள்ளூர்ப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டு, அந்த ஊர் மக்களாகவே ஆகிவிட்டார்கள். தங்கள் முன்னோர் இந்தியச் சிப்பாய்கள் என்று சொல்லும் குடும்பங்கள் கெய்ந்தாவில் இன்றும் இருக்கின்றன.

இவர்கள் எல்லோரும் தமிழர்கள் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள முடியாது. மதராஸ் படையில் தமிழ் பேசியவர்களும் தெலுங்கு பேசியவர்களும் உருது பேசியவர்களும் கலந்தே இருந்தார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று பலர் நம்பிய காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில் யாரோ ஒரு ராஜாவுக்கும் இன்னொரு ராஜாவுக்கும் நடந்த சண்டைக்காகக் கப்பலேறி, முன்பின் பார்த்திராத ஊரின் சுவரை உடைத்து, பிறகு அந்த ஊரிலேயே வாழ்ந்து முடிந்தார்கள்.

டிரேப்பர் என்ன ஆனார்? சர் பட்டம் கிடைத்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் கிளிஃப்டனில் வீடு கட்டி அதற்கு 'மணிலா ஹால்' என்று பெயர் வைத்தார். இந்தியாவிலும் மணிலாவிலும் இறந்த தன் ரெஜிமெண்ட்டுக்கு ஒரு நினைவுச் சின்னமும் எழுப்பினார். அதிகாரிகளின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. சிப்பாய்களுக்கு அந்தக் கல்லில் இடம் இல்லை. அவர்கள் நினைவு மிஞ்சியிருப்பது கெய்ந்தா மக்களின் முகத்திலும் பேச்சிலும்தான். பர்லியார் தோட்டத்துக்கு எந்த மரம் எந்த நாட்டில் இருந்து வந்தது என்று நமக்குச் சொல்ல முடிகிறது. 600 பேர் எந்தெந்த ஊரில் இருந்து போனார்கள் என்று சொல்ல முடியவில்லை.

சாப்பாட்டிலும் ஒரு தடயம் இருப்பதாகச் சொல்கிறார்கள். 'காரே காரே' என்று பிலிப்பைன்ஸில் ஒரு குழம்பு பிரபலம். மாட்டு வால் இறைச்சியும் காய்கறியும் போட்டு, நிலக்கடலையை அரைத்து ஊற்றிச் செய்வது. ஊர் மசாலா கிடைக்காத சிப்பாய்கள் கையில் கிடைத்ததை வைத்துக் கறி சமைக்கப் போய் அது காரே காரே ஆயிற்று என்பது ஒரு கதை. வேறு கதைகளும் உண்டு. ஆனால் மணிலாக்கொட்டையை மணிலாவிலேயே அரைத்துக் குழம்பு வைத்தவன் மதராஸ்காரன் என்ற கதையைக் கேட்கும்போது சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது.

வேலைக்கோ சுற்றுலாவுக்கோ மணிலா போகும் நண்பர்கள் இன்ட்ராமுரோஸை அவசியம் நடந்தே பாருங்கள். சான் தியேகோ கொத்தளத்தில் வழிகாட்டி "பிரிட்டிஷார் இங்கேதான் நுழைந்தார்கள்" என்று சொல்லும்போது, அவர்களோடு மதராசில் இருந்து வந்தவர்களைப் பற்றியும் கேளுங்கள். நேரம் இருந்தால் கெய்ந்தாவுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.