பொம்மைக் கேமராவும் வேஷமும்: சேடி பென்னிங்கின் குறும்படம் ஒன்றைப் பற்றி

சேடி பென்னிங் மில்வாக்கி நகரில் தம் படுக்கையறைக்குள் இருந்துகொண்டே எடுத்த ஆரம்பகாலக் குறும்படங்களை, தன்பாலீர்ப்பை வெளியே சொல்ல அஞ்சி ஒடுங்கிய ஓர் இளம் உள்ளத்தின் அந்தரங்க வாக்குமூலமாகக் கொள்வது ஆய்வாளரிடையே ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. எல்லாப் படங்களுக்கும் அக்கருத்துப் பொருந்தாது என்று அடித்துச் சொல்ல நான் துணியவில்லை; ஆயினும் 1992ஆம் ஆண்டின் 'இட் வாஸன்ட் லவ்' என்னும் 20 நிமிஷப் படத்துக்கு அது சிறிதும் பொருந்தாதென்பது என் அபிப்பிராயம்.

வாக்குமூலக் கட்சியினர் காட்டும் முதற் சான்று, திரையை நிறைத்து நிற்கும் முகம். கண்ணும் உதடும் அத்தனை அருகில் வருவதை மனத்தின் நெருக்கமென்றே வாசிக்கும் அவர்கள், படம் பிடித்த கருவியைப் பொருட்படுத்துவதில்லை. ஃபிஷர்-பிரைஸ் கம்பெனி 1987இல் குழந்தைகளுக்கென்று விற்பனைக்குக் கொண்டுவந்த பி.எக்ஸ்.எல்.-2000 என்ற அந்தக் கேமரா, பாட்டுக் கேட்கும் சாதாரணக் கேஸட்டையே அதிவேகத்தில் ஓட்டிக் கறுப்பு வெள்ளைப் பிம்பத்தை அதில் பதிப்பது. பிம்பத்தின் நுட்பம் மிகக் குறைவாதலால், தள்ளி நிற்கும் எதுவும் சாம்பற் புள்ளிகளாய்க் கரைந்துபோகும். ஆகவே முகமாயினும், கையால் எழுதிய காகிதத் துண்டாயினும், தெளிவாகத் தெரியவேண்டுமானால் லென்ஸின் முன்னால் ஒட்டினாற்போல் கொண்டுவந்து நிறுத்தியே தீரவேண்டும். காகிதத்துக்கும் ஒரு நாணம் உண்டென்பார்களோ, அறியேன்.

இனிப் படத்தைப் பார்ப்போம். துணிச்சற்காரப் பெண்ணொருத்தியோடு ஹாலிவுட்டை நோக்கிக் காரில் புறப்பட்டதாகக் குரல் கதை சொல்கிறது. பயணமோ ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தாண்டவில்லை. அதைத் தோல்வியென்று வாசித்தவர்கள், குரல் பேசிக்கொண்டிருக்கையில் உடல் என்ன செய்கிறதென்று கவனிக்கத் தவறினர். கலகக்காரன், பொன்முடி அழகி, கொள்ளைக் கூட்டத்தான், ஐம்பதுகளின் பாடகன், மயக்கும் மோகினி என்று ஹாலிவுட் வளர்த்துவைத்த பாத்திரங்களையெல்லாம் பென்னிங் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் மேனியில் தரித்துப் பார்க்கிறார். ஆசையைப் பேசுவதற்கு ஒரே 'நான்' போதாதென்று இத்தனை வேஷங்களைத் தேடிய படைப்பை நாட்குறிப்பு என்று சொல்ல எப்படி மனம் வரும்? சென்று சேராத ஹாலிவுட்டின் தொழிலை அந்த அறையே நடத்திக் காட்டிவிடுகிறது.

இவ்வேஷங்களை அக்கால இளைஞர் உபகலாசாரத்தின் பகுதியாகவே நான் வாசிக்கிறேன். தந்தை ஜேம்ஸ் பென்னிங் பேர்பெற்ற பரிசோதனைப் படக்காரர், கேமராவும் அவர் கொடுத்ததே, ஆதலின் இதில் இளைஞர் உபகலாசாரம் எங்கே வந்தது என்று ஆட்சேபிப்போர் உண்டு. பேனா வாங்கிக் கொடுத்தவருக்குக் காவியத்தைச் சொந்தமாக்கும் இவ்வாதத்தில் நெடுநேரம் நிற்கவேண்டியதில்லை. டொராண்டோவில் ஜி. பி. ஜோன்ஸும் புரூஸ் லாபுரூஸும் 1985இல் தொடங்கிய 'ஜே.டி.ஸ்' என்னும் சிறுபத்திரிகையும், அவர்கள் எடுத்த சூப்பர்-8 படங்களும், பங்க் இளைஞரிடையே இதே வித்தையை, அதாவது மலிவான கருவியால் தன்னைத்தானே நட்சத்திரமாக்கிக் கொள்வதை, முன்னரே பழக்கியிருந்தன. பென்னிங் அவற்றைப் பார்த்துக் கற்றாரென்று நான் வாதிக்கவில்லை. சூழல் பொதுவானதென்றே சொல்கிறேன். அதே 1992இல் பென்னிங் எடுத்த 'கேர்ள் பவர்' படத்தில் ஒலிப்பது பிகினி கில் என்னும் பங்க் குழுவின் இசை. அக்குழுவின் பாடகி கேத்லீன் ஹன்னாவோடு 1998இல் லெ டீக்ர் என்ற இசைக்குழுவைத் தொடங்கியவர்களுள் பென்னிங்கும் ஒருவர். தனியறைக் கொள்கையினர் இதை வாழ்க்கைக் குறிப்பின் அடியில் ஒரு வரியாக ஒதுக்கிவிடுகின்றனர்.