முப்பத்தெட்டு எண்ணெய்ப் பாத்திரங்கள்

அலிபாபா கதைக்குப் படம் போடுகிறவர்கள் யாரும் சூளைப் பக்கம் வந்ததில்லை போலும். கழுதை முதுகில் பெரிய பெரிய மண் ஜாடிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு திருடன். விருத்தாசலத்தில் செராமிக் வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். நெய்வேலிக் களிமண்ணைப் பிசைந்து ஊறுகாய் ஜாடி, பியூஸ் கேரியர், கொலு பொம்மை என்று என்னென்னவோ செய்திருக்கிறேன். ஆள் குந்துகிற அளவுக்கு ஜாடி என்றால் சுவரே ஓர் அங்குலமாவது இருக்க வேண்டும். காயும்போது சுருங்கும், வேகும்போது இன்னும் சுருங்கும். வயிற்றுப் பக்கம் விரிசல் விடாமல் வந்தால் அதிர்ஷ்டம். வந்தாலும் வெறும் ஜாடியைத் தூக்கவே நாலு பேர் வேண்டும். ஆதிச்சநல்லூர்த் தாழிகளும் பெரியவைதான். ஆனால் அவற்றை மண்ணுக்குள் இறக்கியதோடு சரி, கழுதை மேல் ஏற்றவில்லை.

கதையில் தப்பில்லை. அதை முதலில் அச்சேற்றிய பிரெஞ்சுக்காரர் அந்துவான் கலான் எழுதியது 19 கோவேறு கழுதைகள், தோலால் செய்த 38 எண்ணெய்ப் பாத்திரங்கள். ஒன்றில் எண்ணெய், மற்ற 37-இல் ஆட்கள். நாற்பது பேரில் இரண்டு பேரை முன்பே கொன்றாகிவிட்டது, ஒருவன் தலைவன், கணக்கு இடிக்கவில்லை. தோல் வளைந்து கொடுக்கும், எடையும் குறைவு. எழுதியவருக்கோ சொன்னவருக்கோ சுமை ஏற்றத் தெரிந்திருக்கிறது.

சொன்னவர் ஹன்னா தியாப் என்ற அலெப்போ இளைஞர், மரோனைட் கிறிஸ்தவர். கலானின் 'ஆயிரத்தொரு இரவுகள்' தொகுதிகள் 1704 முதல் பாரிசில் வந்துகொண்டிருந்தன. அவர் கையில் இருந்த சிரியாப் பிரதியோ 282-ஆம் இரவோடு நின்றுவிட்டது. வாசகர்கள் விடவில்லை. 1709-இல் தியாப் வாய்மொழியாகச் சொன்னவற்றில்தான் அலிபாபாவும் அலாவுதீனும் இருக்கிறார்கள். அதற்கு முந்திய அரபுப் பிரதி எதிலும் இரண்டு கதையும் கிடைக்கவில்லை.

பழைய தொகுப்பு என்று ஒன்று இருந்தது உண்மைதான். அதன் தலைப்பும் தொடக்கமும் உள்ள 9-ஆம் நூற்றாண்டுக் காகிதத் துண்டை நபியா அபட் 1949-இல் வெளியிட்டார். பாக்தாத் புத்தக வியாபாரி இப்னு அந்நதீம் 987-இல் போட்ட நூல் பட்டியலில், இதற்கு மூலம் பாரசீகத்து 'ஹஸார் அஃப்ஸான்' என்கிறார். கூடவே, சுவையில்லாத புத்தகம் என்று ஒரு குட்டும் வைக்கிறார். விற்கிறவரே அப்படிச் சொன்ன சரக்கு இத்தனை காலம் ஓடியிருக்கிறது!

நம் பக்கத்தில் அதை ஓட்டியது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். 1956-இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். எங்கள் தெருவில் அலிபாபா என்றால் இன்றைக்கும் எம்.ஜி.ஆர்.தான்.

தியாப் பெயரைக் கலான் தன் நாட்குறிப்பில் எழுதினாரே தவிர, அச்சான புத்தகத்தில் போடவில்லை. தியாப் ஊர் திரும்பித் துணி வியாபாரம் பார்த்தார். 1760-களில், முதிய வயதில், தன் பயணக் கதையை எழுதினார். வாத்திகன் நூலகத்தில் இருக்கும் அந்தப் பிரதியில் இந்த விஷயத்துக்குச் சில வரிகள்தான். பாரிசில் ஒரு கிழவர் வந்துபோவார், அவர் புத்தகத்துக்குக் குறைந்த கதைகளைச் சொன்னேன் என்கிறார். எந்தக் கதைகள் என்று குறிக்கவில்லை. கிழவரின் பெயரையும் எழுதவில்லை.