அம்மைப்பாலும் கொழுப்புத் துளியும்

பெரியம்மைத் தடுப்பு மருந்துக்குத் தமிழில் அம்மைப்பால் என்றொரு பழைய பெயர் உண்டு. தாயையும் தெய்வத்தையும் நோயையும் ஒரே சொல்லால் அழைத்த மக்கள், அந்நோயைத் தடுக்க வந்த துளியைப் பால் என்றார்கள். நாஞ்சில் நாட்டில் முத்தாரம்மன் கோயில்களுக்குக் குறைவில்லை. அந்த முத்து அம்மை முத்துதான் என்பார்கள். வயதான பெண்களின் மேற்கையில் அம்மை குத்திய வட்டத் தழும்பை இன்றும் காணலாம். மருத்துவ வரலாறு மருந்தையும் அதைக் கண்டுபிடித்தவரையும் நினைவில் வைத்திருக்கிறது. மருந்தைச் சுமந்து வந்தவர்களை மறந்துவிடுகிறது.

1796இல் எட்வர்ட் ஜென்னர் முதல் அம்மைப்பாலை எடுத்தது சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கைக்கொப்புளத்திலிருந்து. அன்று குளிர்பெட்டி கிடையாது. வெயிலில் மருந்து வீரியம் இழந்துவிடும். அதைக் கெடாமல் கொண்டுபோக மிக நம்பகமான பாத்திரம் இன்னொரு மனிதக் கைதான். ஒரு குழந்தைக்குக் குத்துவார்கள். எட்டு நாள் கழித்துக் கொப்புளம் முற்றியதும் அந்த நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயது அன்னா டஸ்தால் இப்படித்தான் இந்தியாவில் அம்மைப்பால் பெற்ற முதல் ஆளானாள். அடுத்த வாரம் அவள் கையிலிருந்து ஐந்து குழந்தைகளுக்கு அது போயிற்று. வரலாற்றில் அவள் பெயர் நின்றது. அவளுக்குப் பின் கைமாற்றிக் கைமாற்றி மருந்தைச் சுமந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெயரே இல்லை.

திருவிதாங்கூரில் அம்மை குத்துதலை அறிமுகப்படுத்தியவர் ஒரு பெண்: ராணி கௌரி லட்சுமி பாய், 1813இல். நாஞ்சில் நாடு அன்று அந்த சமஸ்தானத்தின் தென்கோடி. குழந்தையின் கையை நீட்டு என்று அரசு தாயிடம் கேட்கத் தொடங்கிய அதே காலத்தில், அந்தத் தாய் தன் தோளை மூடலாமா என்பதையும் அரசே தீர்மானித்தது. 1822இல் கல்குளம் பகுதியில் மேலாடை அணிந்த நாடார் பெண்கள் தாக்கப்பட்டார்கள். 1829இல் இன்னொரு ராணியின் பிரகடனம் அவர்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்து மேல்முண்டை மறுத்தது. 1859 வரை போராடித்தான் தோள்சீலை உரிமை கிடைத்தது, அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு. உடலுக்குள் எது போகலாம், உடல்மேல் எது இருக்கலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லும் அதிகாரம் அந்தப் பெண்ணிடம் இல்லை.

பின்னர் குழந்தையின் கைக்குப் பதிலாகக் கன்றின் தோல் பாத்திரமானது. அடுத்து ஆய்வுக்கூடம் வந்தது. இன்று உடலுக்குள் அனுப்ப வேண்டிய பொருள் மரபணுச் செய்தி. எம்ஆர்என்ஏ என்ற அந்த இழை மிக மென்மையானது. இரத்தத்தில் தனியாக விட்டால் நொதிகள் அதை உடனே சிதைத்துவிடும். அது எதிர்மின்னேற்றம் கொண்டது. உயிரணுவின் சுவரோ கொழுப்பாலானது. தானாக உள்ளே நுழைய அதற்கு வழியில்லை. எனவே கொழுப்புக்குள் கொழுப்பையே அனுப்பினார்கள். நான்கு வகைக் கொழுப்புப் பொருள்கள் சேர்ந்து, ஏறக்குறைய 100 நானோமீட்டர் அளவில் ஒரு துகளாகி இழையைப் பொதிந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று நாம் அறிந்த கொலஸ்ட்ரால். இன்னொன்று இரத்தத்தில் சாதுவாக இருக்கும். உயிரணு துகளை விழுங்கியதும் அங்குள்ள அமிலத்தன்மையில் நேர்மின்னேற்றம் பெற்று, அடைத்திருக்கும் பையைக் கிழித்துச் செய்தியை வெளியே விடும். பால் என்பதே நீரில் மிதக்கும் கொழுப்புத் துளிகள்தான் என்பதை நினைத்தால், அம்மைப்பால் என்ற பழஞ்சொல் இப்போதுதான் முழுதாகப் பொருந்துகிறது.

இந்தக் கதையிலும் ஒரு பெண் நெடுங்காலம் ஓரத்தில் நின்றார். ஹங்கேரியில் இறைச்சிக் கடைக்காரரின் மகளாகப் பிறந்த கத்தலின் கரிகோ, செகெட் நகரில் மரபணுப் பொருளைக் கொழுப்புக் குமிழிகளில் அடைத்து உயிரணுவுக்குள் செலுத்தும் ஆய்வில் தொடங்கியவர். 1985இல் கணவரோடும் சிறு மகளோடும் அமெரிக்கா போனார். எம்ஆர்என்ஏவைக் கைவிடாத அவரை 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பதவி இறக்கியது. உடலின் எதிர்ப்பைத் தூண்டாமல் அந்த இழையை மாற்றும் வழியை அவரும் ட்ரூ வைஸ்மனும் 2005இல் வெளியிட்டார்கள். நோபல் பரிசு வர 2023 ஆயிற்று.

கொரோனா காலத்தில் மைனஸ் 70 டிகிரிக் குளிர் கேட்ட எம்ஆர்என்ஏ தடுப்பூசி நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரவில்லை. 2 முதல் 8 டிகிரியில் வைக்கக்கூடிய இந்திய எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்குப் புனேயின் ஜென்னோவா நிறுவனம் 2022 ஜூனில்தான் அனுமதி பெற்றது. நாம் போட்டுக்கொண்ட கோவிஷீல்டில் மரபணுச் செய்தியைச் சுமந்தது சிம்பன்சியின் வைரஸ். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர்கள். அவர்கள் பெரும்பாலும் பெண்கள். இத்தனை பெண்கள் சுமந்த மருந்தின் முதல் பெரிய பரிசோதனைகளில் கர்ப்பிணிகளுக்கு இடமில்லை. 2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் தடுப்பூசிப் பணி தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு ஜூலையில்தான் அனுமதி வந்தது. இடைப்பட்ட ஏப்ரலும் மே மாதமும் இரண்டாம் அலையின் உச்சம். காப்பாற்றுவதற்காக என்று சொல்லி ஒதுக்கிவைப்பதும் ஒதுக்குதலே.

கொழுப்புத் துகள் இப்போது தடுப்பூசியைத் தாண்டிவிட்டது. இரத்தத்தில் போனால் அது இயல்பாகவே கல்லீரலில் சேரும். எனவே கல்லீரல் சார்ந்த பிறவி நோய்களே முதலில் இலக்காயின. 2025இல் பிலடெல்பியாவில் ரெபெக்கா அஹ்ரன்ஸ்-நிக்லஸ் என்ற பெண் மருத்துவரும் கிரண் முசுனுருவும், ஒரே ஒரு கைக்குழந்தைக்காக உருவாக்கிய மரபணுத் திருத்தத்தை இந்தத் துகளில் ஏற்றி மூன்று தவணைகளாகக் கொடுத்தார்கள். வைரஸை வாகனமாக்கினால் உடல் அதை அடையாளம் கண்டுகொள்ளும். மறுமுறை தருவது கடினம். கொழுப்பு அந்தத் தடையைப் பெரிதும் நீக்கியது.

இந்தச் சிகிச்சை ஒருநாள் நாகர்கோவிலுக்கும் வரும். வரும்போது சில கேள்விகளைத் தயாராக வைத்திருப்போம். இது யார் உடலில் சோதிக்கப்பட்டது, யார் விலக்கப்பட்டார்கள்? எந்தக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் வருகிறது? கையை நீட்டச் சொல்லும்போது, உள்ளே போவது என்ன என்பதைத் தாய்க்கு அவள் மொழியில் சொன்னார்களா? 1813இல் இங்கே எந்தத் தாயாலும் இவற்றைக் கேட்க முடிந்திருக்காது. தோள்சீலைக்காக அடிபட்டவர்களின் பேத்திகளால் கேட்க முடியும்.