முனிர்க்காவின் இளவேனில்

தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக் கண்டனர். அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது நாம் பள்ளிப் பருவத்தில் மனனம் செய்த பாடம். தில்லிக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்துக்கோ இந்தக் கணக்கு முதல் ஆண்டிலேயே பொய்த்துப் போகிறது. இங்கே சித்திரை பிறக்கும்போதே வெயில் சுடத் தொடங்கிவிடும். வைகாசியில் 'லூ' என்னும் அனற்காற்று வீசும். இந்நிலத்து மக்கள் தம் வசந்தத்தை, நமக்குப் பின்பனிக் காலமாகிய மாசி பங்குனித் திங்கள்களிலேயே கொண்டாடி முடித்துவிடுகின்றனர். தை அமாவாசைக்குப் பின் ஐந்தாம் நாள் வசந்த பஞ்சமி. பங்குனியை ஒட்டிய பௌர்ணமியில் ஹோலி. சித்திரைப் பிறப்பை ஒட்டிப் பைசாகி. அதற்குள் இளவேனில் வந்து போய்விடும்.

இது பெயரளவில் நிற்கும் வேறுபாடு அன்று. காவிரிப் படுகையில் சம்பா நெல் தை மாதத்தில் களத்துக்கு வந்துவிடும். பொங்கலும் மாட்டுப் பொங்கலும் கழிந்தபின் வரும் இளவேனில், உழவன் வீட்டுக்குப் பெரும்பாலும் ஓய்வுக்காலம். திருமணங்களும் திருவிழாக்களும் நிகழும் காலம். நம் இலக்கியமும் இளவேனிலை வயலோடு சேர்த்துப் பேசுவது குறைவு. தொல்காப்பியர் வேனிலைப் பாலைக்கு உரிமையாக்கினார். பாலைக்கலியில் இளவேனில் வந்தும் தலைவன் வரவில்லையே என்று தலைவி ஏங்குகின்றாள். ஆக, நமக்கு இளவேனில் பிரிவின் பொழுது. தில்லிப் புறத்து உழவனுக்கோ அது குழந்தை குட்டிகளும் கன்று காலிகளும் உட்படக் குடும்பம் முழுவதும் வயலில் கூடும் பொழுது. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்த கோதுமையும் வாற்கோதுமையும் கொண்டைக்கடலையும் கடுகும் அப்போதுதான் முற்றி வரும்.

இதனை நான் நூல்களால் அறிந்தேனல்லேன். எங்கள் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வாயிலாக அறிந்தேன். அவர் முனிர்க்கா ஊரினர், ஜாட் வகுப்பினர், இப்போது எண்பதை நெருங்குகிறார். அவ்வூர் வழக்கப்படி அவரைத் 'தாவூ' என்று அழைப்பேன். நம் 'பெரியப்பா'வுக்கு நேரான சொல் அது. அவர் என்னைப் பல ஆண்டுகள் 'மதராசி பாபு' என்றே அழைத்தார். என் மகள் பிறந்த பின்னர்தான் 'பேட்டா' ஆனேன். நான் வளர்ந்ததும் இன்று குடியிருப்பதும் இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்புகளில். ஒருநாள் நான் இருக்கும் குவார்ட்டர்ஸ் எவ்விடம் என்று தாவூ கேட்டார். சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அது எங்கள் கடலைக் கொல்லை" என்றார். அன்று முதல் அவரிடம் கதை கேட்கலானேன்.

அவர் சிறுவராயிருந்த 1950-களில் முனிர்க்கா முழுமையான உழவூர். மழையை நம்பிய புன்செய்யே மிகுதி. கிணற்றுப் பாசனம் சிறிது. எருதுகளைச் சரிவில் இறக்கித் தோற்பையால் நீர் இறைக்கும் முறையை அவர்கள் 'சரஸ்' என்பர். சேலத்துப் பக்கம் என் பாட்டனார் ஓட்டிய கவலையும் அதுவும் ஒன்றே. எருது ஓட்டுபவன் பாடிக்கொண்டே ஓட்டுவான் என்று தாவூ சொன்னபோது, பாட்டனாரின் குரல் என் காதில் ஒலித்தது போலிருந்தது.

எருமைகள் பெரும்பாலும் மழைக்காலத்துக்குப் பின் கன்று ஈனும். குளிர் கடுமையாகும்போது கன்றுகளுக்குக் கோணிச்சாக்கினால் ஒரு போர்வை தைத்து முதுகில் கட்டிவிடுவர். வசந்த பஞ்சமி கழிந்து வெயில் ஏறியதும் அதனை அவிழ்த்துவிடுவது பிள்ளைகளின் உரிமையாம். சாக்கு நீங்கிய கன்று முதல் நாள் முற்றம் முழுவதும் துள்ளித் திரியும். அதைப் பிடிக்கப் பிள்ளைகள் ஓடுவர். பாட்டி கைத்தடியை ஓங்கியபடி இரு சாராரையும் வைவாள். தாவூவின் கன்றுக்குப் 'பூரி' என்று பெயர். செம்பழுப்பு நிறத்தாள் என்று பொருள். தமக்குத் தந்த கம்பு ரொட்டியில் பாதியைப் பூரிக்கு ஊட்டியதற்காக அடி வாங்கிய கதையை அவர் குறைந்தது நான்கு முறை எனக்குச் சொல்லியிருக்கிறார்.

காலையில் பால் கறக்கும் நேரத்தில் கன்றை ஊட்டவிட்டு, பின்பு இழுத்துக் கட்டுவது சிறுவர் வேலை. நண்பகலில் எருமைகளை 'ஜோஹட்' எனப்படும் ஊர்க்குளத்துக்கு ஓட்டிச் செல்வர். வாலைப் பிடித்துக்கொண்டு நீந்திப் பழகியவர்களே அனைவரும். சிறுமியர் கடுகு வயலில் கீரை கிள்ளுவர். கடலைக் கொழுந்தைப் பறித்த விரல்களில் புளிப்பு ஒட்டிக்கொள்ளும், அதைச் சுவைத்தபடியே வீடு திரும்புவர். பால் பிடித்த கதிர்களைக் கிளிகளிடமிருந்து காக்கக் கவண் ஏந்தி நிற்பவர் சிறுவர். இரவில் மேட்டுக் காட்டிலிருந்து இறங்கும் நீல்காய்களை விரட்டுவது பெரியவர்களின் பாடு. ஐந்தாம் செக்டாரில் இன்றும் நிற்கும் லோடி காலத்துக் கல்லறை மாடங்களும் படிக்கிணறும் அக்காலத்தில் வயல்களுக்கு நடுவே இருந்தன. எருமை மேய்த்த பிள்ளைகள் வெயிலுக்கு ஒதுங்கியது அந்த நிழலில்தான்.

ஹோலிக்குச் சில நாள் முன்னரே வீட்டுப் பெண்டிரும் சிறுமியரும் சாணத்தால் சிறு வில்லைகள் தட்டி, நடுவே துளையிட்டு, காயவைத்து, மாலையாகக் கோப்பர். பௌர்ணமி இரவில் ஊர்ப் பொதுவிடத்தில் மூட்டும் தீயில் அம்மாலைகளை இடுவர். பச்சை வாற்கோதுமைக் கதிரையும் கடலைச் செடியையும் அத்தீயில் வாட்டி, கையால் கசக்கி, உமி ஊதி, ஒருவருக்கொருவர் கொடுத்து உண்பர். புது விளைச்சலின் முதல் வாய் அது. நம் ஊர்ப்புறங்களில் காமனை எரிக்கும் பண்டிகையும் இதே பருவத்தில் வருவதே. நம்மவர் பலர் ஹோலியை வண்ணப்பொடிக்கு அஞ்சிக் கதவடைக்கும் நாளாக மட்டுமே அறிவர் என்பதை இங்குச் சொல்லாமல் விட இயலவில்லை. நானும் அவ்வாறே இருந்தவன். ஹோலி கழிந்த சில நாளில் சீதளா அன்னைக்கு முதல்நாள் சமைத்த பழைய உணவைப் படைத்து உண்பர். குழந்தைகளுக்கு முதல் முடி இறக்கக் குர்காவ்ம் சீதளா கோயிலுக்கு வண்டி கட்டிச் செல்வர். மாரியம்மனுக்குக் கூழ் வார்த்த கையினர் நாம். இதனைப் புரிந்துகொள்ள உரை தேவையில்லை.

சித்திரையில் அறுவடை. விடியுமுன் குடும்பமே வயலில் இருக்கும். கைக்குழந்தை வேலமர நிழலில் கயிற்றுக் கட்டிலில் கிடக்கும். களத்தில் கதிர்மேல் எருதுகளைப் பிணைத்து வட்டமாக ஓட்டிப் போரடிப்பர், நம் பிணையலேதான். அவற்றின் பின்னே நடப்பவர் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள். தாவூவும் நடந்தார். அவர் நடந்த களத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன.

தில்லியின் வரலாற்றை எழுதுவோர் ஏழு நகரங்களை எண்ணுவர். இந்நகரங்களுக்குச் சோறிட்ட ஊர்களை எண்ணுவோர் சிலரே. 1911 டிசம்பர் 12-ஆம் நாள் நடந்த தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்தார். 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின்கீழ் ரைசினா, மால்சா முதலிய ஊர்களின் நிலம் எடுக்கப்பட்டது. ரைசினாவின் பெயர் குடியரசுத் தலைவர் மாளிகை நிற்கும் குன்றுக்கு நிலைத்தது. மால்சாவின் பெயர் சாணக்கியபுரியில் ஒரு சாலைக்கு எஞ்சியது. மால்சா மக்களுள் ஒரு பகுதியினர் சோனிபத் பக்கம் சென்று குடியேறினர். 1931-இல் புதுதில்லி திறப்பு விழாக் கண்டது. அதன் செயலகங்களில் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் தமிழர் நிறைந்தனர். 1946-இல் நம் சங்கம் தோன்றியது.

விடுதலைக்குப் பின் அரசு வளர்ந்தது. அரசு ஊழியர்க்கு வீடுகள் வேண்டியிருந்தன. முனிர்க்கா, முகம்மதுபூர் முதலிய ஊர்களின் வயல்கள்மீது இராமகிருஷ்ணபுரம் எழுந்தது. 1957-இல் தில்லி வளர்ச்சி ஆணையம் அமைந்தது. 1959 நவம்பர் 13-ஆம் நாளிட்ட ஒரே அறிவிக்கையில் தில்லிப் புறத்து நிலம் 34,070 ஏக்கர் எடுப்புக்குக் குறிக்கப்பட்டது. பின்னர் 1962-இல் பெருந்திட்டம் வந்தது. 1969-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் இதே வட்டாரத்தில் இடம் கொண்டது. அருகில் வசந்த விஹார் என்னும் செல்வர் குடியிருப்பு எழுந்தது. அதன் பக்கத்தில் பஸந்த் காவ் என்ற பழைய ஊர் இன்றும் உண்டு. 'வசந்த ஊர்' என்பது அதன் பொருள். எஞ்சியது பெயர்தான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 1908-09 நிலவரித் திட்டத்தில் ஊர்மக்கள் வாழும் நத்தத்தைச் சுற்றி வரைபடத்தில் ஒரு செங்கோடு இட்டனர். 'லால் டோரா' என்பது அது. கோட்டுக்கு உள்ளே வீடும் தொழுவமும், வெளியே வயல். பின்னாளில் நிலம் எடுத்தபோது கோட்டுக்கு வெளியிலுள்ளதே எடுக்கப்பட்டது. ஆகவே வீடுகள் நின்றன, தொழுவங்கள் நின்றன, எருமைகளும் நின்றன. அவை மேய நிலம் இல்லை. மால்சாவினர் ஊரை இழந்து சென்றனர். முனிர்க்காவினர் ஊரில் இருந்துகொண்டே ஊரை இழந்தனர். மாநகராட்சிச் சட்டத்தின் 507-ஆம் பிரிவின்படி இத்தகைய ஊர்கள் 'நகர்ப்புறமாக்கப்பட்ட கிராமங்கள்' என்று அறிவிக்கப்படலாயின. இன்று முனிர்க்காவில் மாடிமேல் மாடி எழுப்பி வாடகைக்கு விடுகின்றனர். புதிதாக வேலைக்கு வரும் தமிழ் இளைஞர் பலருக்கு முதல் முகவரி அதுவே.

என் தந்தையார் 1974-இல் மாற்றலாகி இங்கு வந்தார். அரசின் பால் திட்டம் 1959 முதலே இருந்தும், என் தாயார் காப்பிக்கு முனிர்க்காப் பெண்மணி ஒருத்தியிடம் எருமைப்பால் வாங்குவார். விளைநிலம் போனபின் அவ்வூரார் சிலருக்கு எஞ்சிய தொழில் அது. அந்த அம்மையார் எங்கள் படியில் அமர்ந்து, சுவரைத் தொட்டுப் பார்த்து ஏதோ சொல்வாராம். இந்தி அறியாத என் தாயார் சிரித்து வைப்பாராம். என்ன சொன்னார் என்பதை எங்கள் வீட்டில் எவரும் கேட்டு வைக்கவில்லை. ஊரை விட்டு வந்த துயரைச் சங்க மேடைகளில் நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். நாம் வந்து அமர்ந்த இடமும் ஒருவரின் ஊர் என்பது நம் பேச்சில் இடம்பெற்றதாக எனக்கு நினைவில்லை.

2016-இல் சரோஜினி நகர், நேதாஜி நகர், முகம்மதுபூர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2018-இல் மரங்களை வெட்டுவதை எதிர்த்து மக்கள் திரண்டனர். உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. காலி செய்த தமிழ்க் குடும்பங்கள் பல. பிள்ளைகள் பிறந்த வீட்டையும் வாசல் வேம்பையும் எண்ணிக் கண்கலங்கியவர்களை நான் அறிவேன். இதனைத் தாவூவிடம் சொன்னேன். "அவர்களுக்கு மாற்று வீடு கொடுத்தார்களா?" என்று கேட்டார். கொடுத்தார்கள் என்றேன். "நல்லது" என்றார்.

சென்ற ஹோலிக்கு முந்தைய இரவு என் மகளை அழைத்துக்கொண்டு முனிர்க்காவுக்குச் சென்றேன். உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே சிறிய திடலில் தீ மூட்டியிருந்தனர். பச்சைக் கதிர்களைச் சந்தையில் கட்டுக்கட்டாக வாங்கி வந்திருந்தனர். தாவூ இரண்டு கதிர்களை நீண்ட கழியில் கட்டித் தீயில் வாட்டினார். உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதி, என் மகளின் கையில் வைத்தார். அவள் மென்றுகொண்டே, "தாதாஜி, பூரி பெரிதான பிறகு எங்கே போனது?" என்று கேட்டாள். அவர் அவளைத் திண்ணையில் அமர்த்தி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.