அடங்காத பிலிப்

1798இல் அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மனப்பிறழ்வுகளைப் பற்றி எழுதிய நூலில் கவனத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. கதவு சாத்தும் ஓசை, அறைக்குள் ஒருவர் நடமாடுவது, மேசை நகர்வது போன்ற அற்ப நிகழ்வுகளிலேயே சிதறிப்போகும் மனங்களை அதில் அவர் விவரித்தார். இலத்தீன் இலக்கணத்தின் வறட்சியைச் சகிக்கவியலாத மாணவரிடம் பிரம்பும் பலிப்பதில்லை, கனிவான வேண்டுதலும் பலிப்பதில்லை என்றும் எழுதினார். அன்றே உலகம் இதற்குச் செவிமடுத்திருந்தால் எத்தனையோ முதுகுகள் தப்பியிருக்கும்.

பிராங்க்ஃபுர்ட் மருத்துவர் ஹைன்ரிஷ் ஹோஃப்மன் 1844 கிறிஸ்துமஸுக்காகத் தம் சிறு மகனுக்கு ஒரு படக்கதை நோட்டை வரைந்தார். மறு ஆண்டு அச்சேறிய அந்நூல் 'ஸ்ட்ருவல்பீட்டர்' என்ற பெயரில் புகழ்பெற்றது. பிந்தைய பதிப்பில் சேர்ந்தவன் பிலிப். உணவு வேளையில் நாற்காலியை ஆட்டி ஆட்டி, மேசைவிரிப்போடு உணவனைத்தையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுகிறான். இன்று மருத்துவர் பலர் அவனிடம் ஏ.டி.எச்.டி எனப்படும் கவனக்குறை மிகையியக்கக் கோளாற்றைக் காண்கிறார்கள். (கதாபாத்திரத்துக்கு நோய் நிர்ணயம் செய்வது சற்று வேடிக்கைதான்.) நம் கண்ணில் படுவதோ பெற்றோரின் சினம். குற்றம் பையனுடையது என்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை.

1902இல் லண்டனில் பேருரைகள் நிகழ்த்திய ஜார்ஜ் ஸ்டில், அறிவு குன்றாத குழந்தைகளிடமும் இவ்வடங்காமையைக் கண்டார். உடல்சார்ந்த காரணத்தைத் தேடியவர் அவர். ஆயினும் 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை' என்றே அதற்குப் பெயரிட்டார். காரணம் மறந்துபோயிற்று, 'ஒழுக்கம்' என்ற சொல் மட்டும் குழந்தைகளைத் துரத்தியது.

1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்ல்ஸ் பிராட்லி முப்பது குழந்தைகளுக்கு பென்செட்ரின் கொடுத்தார். ஊக்கமூட்டும் அம்மருந்து ஏறக்குறையப் பாதிப் பேரைப் பாடத்தில் ஆழ்த்தியது. பிள்ளைகள் அதைக் 'கணக்கு மாத்திரை' என்றார்கள். பிரம்பால் ஆகாததை மருந்து செய்ததென்றால், குறை குணத்தில் இருந்ததாக எப்படிச் சொல்வது?

இப்போதைய பெயர் 1987இல் வந்தது. பெரியவர்களுக்கு ஐந்து அறிகுறிகள் போதும் என அமெரிக்க உளமருத்துவக் கையேடு தளர்த்தியது 2013இல்தான். பெயர் மாறியபோது வீட்டில் செய்யக்கூடியதும் மாறியது. சோம்பல் என்றால் திட்டுவதைத் தவிர வழியில்லை. நினைவில் இருத்துவதும் காலத்தை உணர்வதும் கடினம் என்று அறிந்தால், கடிகாரத்தைக் கண்ணெதிரே மாட்டலாம். சாவிக்கு வாசலருகே ஓர் ஆணி அடிக்கலாம். பெரிய வேலையைக் கால்மணி நேரத் துண்டுகளாக்கலாம். படிக்கும் நேரத்தில் கிரைட்டனின் அந்தக் கதவை முன்னதாகவே சாத்திவைக்கலாம். பிலிப்பையும் இடையில் ஒருமுறை எழுந்து நடந்துவர விட்டிருக்கலாம்.