கிந்தனாரும் நெய்யாற்றின்கரையும்

நேரே சொன்னால் சினமூட்டும் உண்மைகளை நகைச்சுவை எளிதில் சொல்லிவிடும். ஸ்பெயின் நாட்டில் பிராங்கோவின் சர்வாதிகாரம் நிலவிய 1953ஆம் ஆண்டில், பெர்லாங்கா என்னும் இயக்குநர் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தார். அமெரிக்க உதவி வருமென்று நம்பிய சிற்றூர் ஒன்று, வேறொரு வட்டாரத்தின் உடையைப் புனைந்து காத்து நிற்கின்றது. வந்தவர்களோ வண்டியை நிறுத்தாமலே போய்விடுகின்றனர். அந்தச் சிரிப்பினூடே நாட்டின் வறுமையும் தெரிந்தது. அதற்கு நான்காண்டு முன்னரே நமது தமிழ்த் திரையிலும் இத்தகைய நகைப்பு எழுந்ததுண்டு.

1949இல் வெளிவந்த 'நல்லதம்பி'யே அப்படம். அமெரிக்கரான பிராங்க் காப்ரா 1936இல் எடுத்த நகைச்சுவைப் படமொன்றைத் தழுவி அறிஞர் அண்ணா கதை எழுத, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கினர். எதிர்பாராமற் பெருஞ்செல்வத்துக்கு உரியவனாகும் எளியவனாகக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நடித்தார். அப்படத்தில் அவர் நிகழ்த்திய 'கிந்தனார்' கதாகாலட்சேபம் மறக்கவொண்ணாதது. நந்தனார் தில்லையைக் காண ஏங்கினார்; கிந்தனோ கல்வியை நாடி ஏங்குகின்றான். காலட்சேபத்தின் மரபும் மெட்டும் பழையவை. தெய்வத்தின் இடத்திலே பள்ளிக்கூடம் நிற்கின்றது. கேட்போர் நகைக்கின்றனர். ஆனால் அந்நகைப்பு ஒடுக்கப்பட்ட சிறுவனை நோக்கியதன்று. அவனுக்குக் கதவடைத்தவர்களை நோக்கியது.

கலைவாணர் 1908இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியிற் பிறந்தார். அந்நாளில் அது திருவிதாங்கூர் மன்னராட்சிக்கு உட்பட்ட ஊர். அங்கிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலை மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்னும் ஊர்களைக் கடந்து செல்லும். கிந்தனின் துயரம் வெறுங்கற்பனை அன்று என்பதற்கு அந்த வட்டாரமே சான்று கூறும்.

நெய்யாற்றங்கரையிலுள்ள அருவிப்புறத்தில் 1888இல் நாராயண குரு சிவபிரதிஷ்டை செய்தார். பிறப்பினால் அவ்வுரிமை மறுக்கப்பட்ட சமூகத்தைச் சார்ந்தவர் அவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அன்றைய நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த ஊருட்டம்பலத்தில், பஞ்சமி என்னும் சிறுமியைப் பள்ளியிற் சேர்க்க அய்யன்காளி அழைத்துச் சென்றார். அரசாணை இருந்தும் எதிர்ப்பு மூண்டது, பள்ளிக்கூடமே தீக்கிரையாயிற்று. தம் பிள்ளைகளுக்குக் கல்வி மறுக்கப்படின் வயலில் இறங்கோம் என்று உழவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936இல்தான். கலைவாணருக்கு அப்போது வயது இருபத்தேழு. கோயிற் கதவும் பள்ளிக் கதவும் மூடிக்கிடந்ததைக் கண்ட தலைமுறை அது. அத்தலைமுறையினர்க்குக் கிந்தனார் கதை ஊரறிந்த செய்தியாகவே ஒலித்திருக்கும்.

1956 நவம்பர் முதல் நாளன்று எல்லை வகுக்கப்பட்டது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளை இப்புறமும் பாறசாலை அப்புறமும் ஆயின. எனினும் வில்லும் குடமும் உடுக்கையும் எல்லை அறியவில்லை. இப்புறத்து வில்லுப்பாட்டே அப்புறத்தில் வில்லடிச்சான் பாட்டு. முதன்மைப் பாடகர் கதை சொல்ல, உடனிருப்போர் 'ஆமாம்' போட்டுக் குறுக்குக் கேள்வியும் கேட்டு அவையை நகைக்கச் செய்வது அக்கலையின் இயல்பு. அந்தக் கலையிலும் தேர்ந்தவர் கலைவாணர். கதை சொல்லிக்கொண்டே சிரிக்கவைத்து, சிரிப்பின் நடுவே சிந்திக்கவைக்கும் அவரது முறைக்கு இம்மண்ணின் மரபே வேராயிற்று எனலாம்.

எல்லை பிரிந்த மறு ஆண்டே, 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் கலைவாணர் மறைந்தார். வரலாற்று நூல்கள் ஆணைகளையும் ஒப்பந்தங்களையும் பதிவு செய்யும். ஒரு சிறுமிக்காகத் திறவாத பள்ளிக் கதவின் வேதனையைப் பாமரர் நெஞ்சிற் பதியவைப்பதற்கோ, ஒரு நல்ல நகைச்சுவைப் படமும் வேண்டியிருக்கின்றது.