விரிதாள் மேக்ரோ

விரிதாளில் கையால் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை ஒரே கட்டளையில் முடித்துத்தரும் சிறு நிரல் மேக்ரோ எனப்படும். மாதாமாதம் வரும் சம்பளப் பட்டியலை வரிசைப்படுத்துவது, வங்கிக் கணக்கு விவரத்தில் வேண்டாத நெடுவரிசைகளை நீக்குவது, பல கிளைகளின் கோப்புகளை ஒரே தாளில் சேர்ப்பது ஆகியவை இதற்கு ஏற்ற வேலைகள். கூட்டல், சராசரி, தேடல் ஆகியவற்றுக்குச் சூத்திரமே போதும். அதற்குப் போய் மேக்ரோ எழுதுவது வீண் உழைப்பு.

1979இல் வந்த விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளில் இந்த வசதி இல்லை. 1983இல் ஐபிஎம் கணினிக்காக வெளியான லோட்டஸ் 1-2-3தான் இதைப் பரவலாக்கியது. எந்தெந்த விசைகளை அழுத்த வேண்டுமோ அவற்றை அதே ஒழுங்கில் ஒரு கட்டத்தில் எழுத்தாக அடித்து வைப்பார்கள். என்டர் விசைக்கு ஓர் அலைக்குறி. அந்தக் கட்டத்துக்கு ஓர் எழுத்தைப் பெயராக வைத்துவிட்டு, ஆல்ட் விசையோடு அந்த எழுத்தை அழுத்தினால் மேக்ரோ ஓடும். மைக்ரோசாஃப்ட் எக்செல் முதலில் மேக்ரோவுக்கென்றே தனித் தாள் வைத்திருந்தது. 1993இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில் விபிஏ மொழி சேர்ந்தது. இன்றும் எக்செல் மேக்ரோ என்றால் பெரும்பாலும் விபிஏதான்.

கற்கத் தொடங்குபவருக்கு முதல் ஆசான் பதிவுக் கருவி. ‘ரெகார்ட் மேக்ரோ’வை அழுத்திவிட்டு வழக்கமான வேலையைச் செய்து நிறுத்தினால், செய்த ஒவ்வொன்றையும் எக்செல் நிரலாக எழுதி வைத்திருக்கும். ஆல்ட், எஃப்11 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அந்த நிரலைப் பார்க்கலாம். பலர் பதிவோடு நின்றுவிடுகிறார்கள். கல்வி தொடங்குவதோ அந்த நிரலைத் திறந்து படிக்கும்போதுதான்.

காரணம், பதிவுக் கருவி செய்ததைக் குறித்துக்கொள்ளுமே தவிர, எதற்காகச் செய்தோம் என்பதை அறியாது. 30 பேர் கொண்ட பட்டியலை வரிசைப்படுத்திப் பதிவு செய்தால், நிரலில் ‘ஏ2 முதல் எஃப்31 வரை’ என்று எல்லை பதிந்துவிடும். அடுத்த மாதம் பட்டியலில் 42 பேர் இருந்தால் கடைசி 12 பேர் வரிசைக்குள் வராமல் அப்படியே அடியில் கிடப்பார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது, ஆபத்தே அதில்தான். திருத்தும் வழி எளிது: தாளின் கடைசி வரிசையிலிருந்து மேல்நோக்கித் தேடி, தரவு முதலில் தென்படும் இடத்தை எல்லையாகக் கொள்ளும்படி நிரலை மாற்ற வேண்டும். அந்தக் கடைசி வரிசையையும் எண்ணாக எழுதிவிடக் கூடாது. எக்செல் 2007இல் வரிசைகள் 65,536இலிருந்து 10,48,576 ஆக உயர்ந்தபோது, பழைய எண்ணை நம்பிய மேக்ரோக்கள் பெரிய தாள்களில் பாதியிலேயே நின்றன. இதே போன்ற இன்னொரு பொறி, வரிசை எண்ணை ‘இன்டிஜர்’ வகை மாறியில் வைப்பது. அது 32,767ஐத் தாண்டாது. தாண்டினால் ‘ஓவர்ஃப்ளோ’ என்று நிரல் நின்றுவிடும். ‘லாங்’ வகையே சரி.

எஃப்8 விசையை அழுத்தி அழுத்தி நிரலை வரி வரியாக ஓட்டிப் பார்ப்பதைப் போலக் கற்றுத்தரும் பயிற்சி வேறில்லை. ஓட்டும் முன் கோப்புக்கு ஒரு நகல் எடுப்பது அவசியம். மேக்ரோ தாளில் செய்த மாற்றத்தை ‘அன்டூ’ திரும்பக் கொண்டுவராது. குறுக்கு விசை கொடுக்கும்போது கன்ட்ரோல்+சி போன்றவற்றைத் தொடாமல் விடுவதும் நல்லது, இல்லையேல் அந்தக் கோப்பு திறந்திருக்கும் வரை நகலெடுக்கும் விசை மேக்ரோவை ஓட்டிக்கொண்டிருக்கும். கோப்பை எக்ஸ்எல்எஸ்எம் வடிவில் சேமிக்க வேண்டும். வழக்கமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் மேக்ரோ தங்காது.

கோப்போடு நிரலும் பயணிப்பதால் தீங்கும் கூடவே வந்தது. 1996இல் லாரூ என்ற நச்சுநிரல் எக்செல் கோப்புகள் வழியே பரவியது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் விபிஏ மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுக்கிறது. யார் எழுதியது என்று தெரியாத கோப்பில் அந்தத் தடையை நீக்காமலிருப்பதே புத்திசாலித்தனம்.

லிப்ரே ஆஃபிஸ் கால்க்கில் பேசிக்கிலும் பைத்தானிலும் மேக்ரோ எழுதலாம். பதிவுக் கருவியை மட்டும் அமைப்புகளில் தேடி இயக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸில் 2018 முதல் பதிவு வசதி உண்டு. பதிவானது ஜாவாஸ்கிரிப்ட்டை ஒட்டிய ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டாக இருக்கும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு எக்செல்லில் தனித் தொல்லை ஒன்று உண்டு. தாளின் கட்டங்கள் யூனிகோடைப் புரிந்துகொள்ளும். விபிஏ தொகுப்பான் புரிந்துகொள்ளாது. ‘மொத்தம்’ என்று நிரலுக்குள் தட்டினால் வெறும் கேள்விக்குறிகள்தான் வரிசையாக நிற்கும். ஒவ்வோர் எழுத்தையும் அதன் யூனிகோடு எண்ணால் குறிப்பிடலாம், ‘அ’வுக்கு 2949. ஒரு தலைப்புக்கே பத்து எண்கள் தேவைப்படும் என்பதால் அனுபவப்பட்டவர்கள் இந்த வழிக்குப் போவதில்லை. தமிழ்ச் சொற்களை எல்லாம் ஒரு தனித் தாளின் கட்டங்களில் எழுதிவைத்து, மேக்ரோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்கிறார்கள். தலைப்பு மாறினாலும் நிரலைத் தொட வேண்டியதில்லை.